தர்ப் அல்-அஹ்மர்: கெய்ரோவின் மதிலோரக் குடியிருப்பு ஒன்றின் எழுச்சியும் பழுதும் மீட்பும்

கெய்ரோவின் தெற்கு வாயிலான பாப் ஸுவைலாவிலிருந்து கோட்டைமலைக்கு ஏறும் தெரு ஒன்றுதான். பெயர்கள் மட்டும் வழியெல்லாம் மாறுகின்றன: முதலில் தர்ப் அல்-அஹ்மர், பிறகு தப்பானா, முடிவில் பாப் அல்-வஸீர். இந்தத் தெருவுக்கும் கிழக்கே உள்ள மதிலுக்கும் இடையில் நெருக்கியடித்து நிற்கும் குடியிருப்பு, தெருவின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. தர்ப் அல்-அஹ்மர் என்றால் செந்தெரு. 1979இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த வரலாற்றுக் கெய்ரோவின் ஒரு பகுதி இது. எகிப்தை ஆண்ட படைவீரர் மரபான மம்லூக்குகளின் காலத்துப் பள்ளிவாசல்கள் இவ்வளவு நெருக்கமாக நிற்கும் இடங்கள் உலகில் குறைவு. அதே அளவுக்கு இடிந்த வீடுகளும் இங்கு இருந்தன. இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால்தான் இந்தக் குடியிருப்பு விளங்கும்.

மதிலுக்கு வெளியே பிறந்த ஊர்

969இல் எகிப்தைக் கைப்பற்றிய ஃபாத்திமிய்ய வம்சத்தின் தளபதி ஜவ்ஹர் நிறுவிய அல்-காஹிரா, கலீஃபாவும் படையும் வாழ்வதற்கான அடைப்புநகரம். அதன் முதல் மதில் சுடாத பச்சைச் செங்கல்லால் ஆனது. இன்று நாம் காணும் கல்வாயில்களை 1087 முதல் 1092 வரையான ஆண்டுகளில் எழுப்பியவர் அமைச்சர் பத்ர் அல்-ஜமாலி. அவற்றுள் தெற்கே நிற்பது 1092இல் கட்டிய பாப் ஸுவைலா. அந்த வாயிலுக்கு வெளியே இருந்த நிலம் நகரமாகக் கருதப்படவில்லை. ஃபாத்திமிய்யரின் சூடானியப் படையினர் வாழ்ந்த மன்ஸூரிய்யா குடியிருப்பு அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. 1169இல் அவர்கள் கிளர்ந்தபோது அமைச்சராக இருந்த ஸலாஹுத்தீன் (சலாதீன்) அதை எரித்து அழித்தார். மற்ற இடங்களில் அடக்கத்தலங்கள் இருந்தன.

நிலைமையை மாற்றியது ஒரு மலை. 1176இல் ஸலாஹுத்தீன் முகத்தம் குன்றின் முனையில் கோட்டையைக் கட்டத் தொடங்கினார். ஆட்சி மெல்ல அங்கே ஏறியது. பழைய நகரத்துக்கும் புதிய ஆட்சிபீடத்துக்கும் இடையில் ஒரு பாதை தேவைப்பட்டது. கல்லறைகளுக்கு நடுவே சென்ற பாதை அரச வீதியானது. மம்லூக் சுல்தான் அந்-நாஸிர் முஹம்மதின் மூன்றாம் ஆட்சிக்காலத்தில் (1310 - 1341) அமீர்கள் எனும் படைத்தலைவர்கள் போட்டி போட்டுக்கொண்டு இங்கே மாளிகையும் பள்ளிவாசலும் கட்டினார்கள். கோட்டைக்குப் போகும் சுல்தானும் படையும் இந்த வழியே போக வேண்டும். இந்தத் தெருவில் ஒரு முகப்பு இருந்தால் அந்த அமீருக்கு நாட்டில் முகம் இருந்ததாகப் பொருள்.

அல்தும்புகா அல்-மாரிதானி பள்ளிவாசல் 1340ஐ ஒட்டி முடிந்தது. அஸ்லம் அஸ்-ஸிலாஹ்தார் பள்ளிவாசல் 1345, ஆக்ஸுன்குர் பள்ளிவாசல் 1347. உம்முஸ் ஸுல்தான் ஷஅபான் மதரஸா 1369ஐச் சேர்ந்தது. ஏறத்தாழ முப்பதே ஆண்டுகள். இடையில் 1348இன் கொள்ளைநோய் நகரைத் தின்றது என்பதையும் நினைவில் வைத்தால் அந்த வேகத்தின் அளவு புரியும். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிஜ்மாஸ் அல்-இஸ்ஹாகி பள்ளிவாசல் (1481) வந்தது. 1502இல் அமீர் காயிர் பே என்பவரின் அடக்கத்தலம். 1517இல் துருக்கியரான உஸ்மானியர் வந்து கடைசி மம்லூக் சுல்தானான தூமான் பே என்பவரை பாப் ஸுவைலாவில் தூக்கிலிட்டபோது, இந்தத் தெருவின் உருவம் பெரும்பாலும் முடிந்திருந்தது. வாயிலுக்கு நேர் தெற்கே கூடாரத் துணி தைப்போரின் கூரையிட்ட கடைவீதியை 17ஆம் நூற்றாண்டில் ரித்வான் பே அமைத்தார். கியாமிய்யா எனப்படும் அந்த வீதியில் இன்றும் ஒட்டுத்தையல் வேலை நடக்கிறது.

தெரு ஒரு கோணம், கிப்லா ஒரு கோணம்

இங்குள்ள கட்டடக்கலையின் உயிர்நாடி ஒரு வடிவக் கணக்கு. தொழுகைக்கூடம் மக்காவை நோக்க வேண்டும். அந்தத் திசைதான் கிப்லா, கெய்ரோவில் அது தென்கிழக்கு. தெருவோ தன் போக்கில் வளைந்து போகிறது. முகப்பு தெருவோடு ஒட்டி நிற்காவிட்டால் அமீருக்குப் பெருமையில்லை. உள்ளறை கோணினால் தொழுகை வரிசை கோணும். இரண்டையும் நிறைவேற்றக் கொத்தனார்கள் கண்ட வழி, ஒரே சுவரின் வெளிமுகத்தைத் தெருவுக்கும் உள்முகத்தைக் கிப்லாவுக்கும் கொடுப்பது. சுவர் ஆப்பு வடிவமாகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முகப்பின் நீளம் 20 மீட்டர் என்றும், தெருவுக்கும் உள்ளறைக்கும் இடையே 10 பாகை வேறுபாடு என்றும் கொள்வோம். ஒரு முனையில் சுவர் 1 மீட்டர் தடிமன் என்றால், மறுமுனையில் நாலரை மீட்டர் ஆகிவிடும். அவ்வளவு கல்லைத் திண்மையாக வைக்க யாருக்கும் மனம் வராது. ஆகவே தடித்த பக்கத்தில் மாடிப்படி, அலமாரி, நடைவழி, தண்ணீர்ப் பந்தல் ஆகியவற்றைச் செருகிவிடுவார்கள். இந்தப் பள்ளிவாசல்களில் நுழைந்தவுடன் நடைவழி ஒருமுறையோ இருமுறையோ மடங்குவதற்கு முதற்காரணம் இதுதான். மறைவுக்காக மடக்கினார்கள் என்பதும் உண்மை. ஆனால் கோணத்தைக் கரைக்கும் வேலையை அந்த மடக்கு செய்கிறது என்பதைக் கவனிக்காமல் வரைபடத்தைப் படிக்க முடியாது.

நேரில் போய்ச் சரிபார்க்க எளிய முறை உண்டு. முகப்புச் சுவரில் வரிசையாக உள்ள சன்னல் குழிகளின் ஆழத்தை உள்ளிருந்து ஒவ்வொன்றாக அளந்து எழுத வேண்டும். ஆழம் ஒரே சீராகக் கூடிக்கொண்டே போனால் அது ஆப்புச் சுவர். திடீரென ஓரிடத்தில் மாறினால் அங்கே இரண்டு காலத்துக் கட்டுமானங்கள் சந்திக்கின்றன என்று ஐயுற வேண்டும். ஆக்ஸுன்குர் பள்ளிவாசலில் அந்த ஐயம் பலிக்கும். இளம் சுல்தானாக இருந்த அல்-அஷ்ரஃப் குஜுக்கின் அடக்கத்தலம் அங்கே முன்பே இருந்தது. அது தெருவின் போக்கைப் பின்பற்றுகிறது, பள்ளிவாசல் கிப்லாவைப் பின்பற்றுகிறது.

கல்லறையின் இடம் இன்னொரு கட்டாயம். அடக்கத்தலத்துக்கு ஒரு சன்னல் தெருவைப் பார்க்க வேண்டும், போகிறவர்கள் நின்று ஃபாத்திஹா ஓதுவதற்காக. இன்னொரு சன்னல் தொழுகைக்கூடத்தைப் பார்க்க வேண்டும், அங்கே ஓதும் குர்ஆனின் ஒலி உள்ளே வருவதற்காக. தெரு, கூடம் இரண்டையும் தொடும் மூலை ஒரு மனையில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். குவிமாடம் அங்கேதான் வரும். மினாராவும் தெருவில் தூரத்திலிருந்து தெரியும் இடத்தைத் தேடி அதன் அருகே வந்து நிற்கும். தெருவின் வளைவுகளில் நின்று பார்த்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு குவிமாடமும் மினாராவும் எதிரே எழுவது தற்செயல் அல்ல.

கிஜ்மாஸ் அல்-இஸ்ஹாகி பள்ளிவாசல் இந்தக் கலையின் உச்சம் என்பது எங்கள் கருத்து. தெருக்கள் பிரியும் முக்கோண மனையில் அது நிற்கிறது. எந்தப் பக்கமும் எதற்கும் செங்குத்தில்லை. உள்ளே நுழைந்தால் கோணலின் சுவடே தெரியாது. தரைத்தளம் முழுவதும் கடைகள், மேலே பள்ளிவாசல், இடையில் உள்ள சந்துக்கு மேலே எதிர்ப்பகுதிக்கு ஒரு மேற்பாலம். கட்டியவர் திமிஷ்கில் (டமாஸ்கஸ்) இறந்து அங்கேயே அடக்கமானதால் அவருக்கென எழுப்பிய குவிமாடத்தின் கீழ் 19ஆம் நூற்றாண்டில் அபூ ஹுரைபா என்ற பெரியவர் அடக்கம் செய்யப்பட்டார். ஊரில் பள்ளிவாசலை அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். எகிப்தின் 50 பவுண்டு நோட்டில் இருப்பதும் இந்தக் கட்டடமே.

கீழே கடை, மேலே தொழுகை என்ற அமைப்பு அதற்கு முன்பே இங்கு வந்துவிட்டது. பாப் ஸுவைலாவுக்கு எதிரே 1160இல் எழுந்த ஸாலிஹ் தலாஇஃ பள்ளிவாசலும் அப்படித்தான். அன்று தெருமட்டத்தில் இருந்த அதன் கடைகள் இன்று பள்ளத்தில் கிடக்கின்றன. எட்டரை நூற்றாண்டுகளில் தெரு அவ்வளவு உயர்ந்துவிட்டது. அந்தக் கடைகள் அழகுக்காக வைத்தவை அல்ல. அவற்றின் வாடகை வக்ஃபாக, அதாவது அறக்கொடையாக, எழுதப்பட்டது. இமாமின் சம்பளம், விளக்கெண்ணெய், பாய், தண்ணீர் சுமப்பவரின் கூலி, பழுதுபார்க்கும் செலவு எல்லாம் அதிலிருந்து வந்தன. தெருமுனைத் தண்ணீர்ப் பந்தலும் அதன் மாடியில் பிள்ளைகள் ஓதும் பள்ளியும் சேர்ந்த ஸபீல்-குத்தாப் கட்டடங்களும் இந்த வருமானத்தில் ஓடியவையே.

தெருவிலிருந்து உள்ளே திரும்பினால் ஹாரா எனும் உள்வீதி. அதிலிருந்து சந்து, சந்திலிருந்து முட்டுச்சந்து. ஹாராவின் வாயில் இரவில் சாத்தப்படும். வீட்டின் தரைத்தளம் சுண்ணாம்புக்கல், மேல்மாடிகள் செங்கல்லும் மரச்சட்டமும். மேலே போகப்போக எடை குறைய வேண்டும் என்ற கணக்கு அது. மாடி தெருவின் மேல் கல் தாங்கிகளில் நீண்டு வரும். அதனால் கோணலான மனையிலும் மேல் அறை சதுரமாகும், கீழே தெருவுக்கு நிழலும் கிடைக்கும். பள்ளிவாசலின் ஆப்புச் சுவர் செய்யும் அதே வேலையை வீட்டில் இந்த நீட்டம் செய்கிறது.

மதில்

கிழக்கு எல்லையில் இருப்பது ஸலாஹுத்தீன் தொடங்கிய, அவருடைய வம்சத்தின் பெயர் கொண்ட அய்யூபிய மதில். பத்ர் அல்-ஜமாலியின் வாயில்களில் சதுர கோபுரங்களும் உருள் கோபுரங்களும் உண்டு. அய்யூபிய மதிலின் கோபுரங்கள் பெரும்பாலும் அரைவட்ட முகம் கொண்டவை. உளியால் பொளிந்த சுண்ணாம்புக்கல் இரு முகங்களிலும் நிற்க, நடுவே உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொட்டி நிரப்பிய கட்டு அது. ஃபிர்அவ்ன்கள் காலத்துக் கற்களும் இதில் மறுபயன் கண்டன. 1254இல் அமீர் அக்தாய் கொல்லப்பட்டதும் அவர் ஆட்கள் ஒரு வாயிலை எரித்துத் தப்பினார்கள். அந்த இடம் இன்றும் பாப் அல்-மஹ்ரூக், எரிந்த வாயில்.

மம்லூக் காலத்தில் கிழக்கிலிருந்து நகரைத் தாக்க எவரும் வரவில்லை. காவல் தேவை போனதும் மதிலுக்கு அப்பால் குப்பையும் இடிபாடும் கொட்டத் தொடங்கினார்கள். நூற்றாண்டுகளில் அது தர்ராஸா மேடுகளாக வளர்ந்து மதிலின் முகடு வரை மூடிவிட்டது. உள்பக்கத்தில் வீடுகள் மதிலையே பின்சுவராக்கிக்கொண்டன.

1984இல் இஸ்மாயிலி முஸ்லிம்களின் அன்றைய தலைவர் ஆகா கான் அந்த மேட்டில் ஒரு பூங்கா அமைத்துத் தர முன்வந்தார். 30 ஹெக்டேர் நிலம். நகரக் குடிநீருக்காக 80 மீட்டர் விட்டமுள்ள மூன்று பெரிய தொட்டிகளையும் அங்கேயே அமைக்க வேண்டியிருந்ததால் வேலை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. முடிவில் 15 இலட்சம் கன மீட்டருக்கு மேல் மண்ணும் இடிபாடும் இடம் மாற்றப்பட்டன. 80,000 லாரிக்கும் மேற்பட்ட சுமை. அல்-அஸ்ஹர் பூங்கா 2005இல் திறந்தது. அந்தத் தோண்டலில்தான் மதில் ஒன்றரை கிலோமீட்டர் அளவுக்கு வெளிவந்தது.

வெளிவந்தவுடன் தொல்லை தொடங்கும் என்பது இந்தத் துறையில் உள்ளவர்களுக்குத் தெரியும். மண்ணுக்குள் இருந்தவரை கல்லின் ஈரம் மாறாமல் இருந்தது, உப்பு கரைந்த நிலையிலேயே கிடந்தது. மேல்மண்ணை அகற்றியதும் கல் உலர்கிறது. உள்ளீரம் முகத்தை நோக்கி நகர்ந்து ஆவியாகிறது. அது சுமந்து வந்த உப்பு முகத்துக்குச் சற்று உள்ளே படிகமாகி, கல்லின் தோலைத் தள்ளிக் கழற்றுகிறது. எட்டு நூற்றாண்டு நின்ற உளிவரி சில பருவங்களில் மாவாக உதிரலாம். ஆகவே அகழ்ந்தெடுத்த மதிலில் முதல் வேலை அழகுபடுத்துவது அல்ல. மெதுவாக உலர விடுவது, மதிலின் தலையில் மழைநீர் இறங்காமல் சுண்ணாம்புச் சாந்தால் மூடுவது, முகக்கல் பிரிந்து தொங்கும் இடங்களில் நீர்த்த சுண்ணாம்புக் குழம்பை உள்நிரப்புக்குள் செலுத்துவது. பூங்காச் செடிகளுக்குப் பாய்ச்சும் நீர் மதிலடிக்கு வராமல் ஒதுக்குவதும் இதில் சேரும். விழுந்துபோன முகட்டையெல்லாம் புதிதாகக் கட்டி எழுப்பும் ஆசை எங்கும் உண்டு. அதை அடக்கிக்கொள்வதே நல்லது. மதில் எங்கே, எப்படி இடிந்தது என்பதும் அதன் வரலாறு.

ஓதம் (சுவரில் ஏறும் ஈரம்) எங்கிருந்து வருகிறது

கெய்ரோ நிலத்தடி நீர் உயர்ந்ததற்கு அஸ்வான் உயரணையைக் குறைசொல்வது வழக்கம். இந்தக் குடியிருப்பைப் பொறுத்தவரை பெரிய குற்றவாளி வீட்டுக்கு அருகிலேயே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் குழாய் நீர் வரத் தொடங்கியது. கழிவுநீர் வடிகால் அமைப்பு 1915இல்தான் இயங்கியது. தோல்பையில் தண்ணீர் சுமந்த காலத்தில் ஒரு வீடு செலவழித்த நீர் சில குடங்கள். குழாய் வந்தபின் நாள் முழுக்க நீர். பழைய குழிகளாலும் பிறகு விரிசல் விட்ட குழாய்களாலும் அதைக் கொண்டுபோக முடியவில்லை. நீர் அடித்தளத்தில் இறங்கியது. தெரு உயர்ந்திருந்ததால் கட்டடங்கள் ஏற்கெனவே குழிக்குள் நின்றன.

சுண்ணாம்புக்கல் நுண்துளை உள்ளது. ஈரம் அதில் ஒன்றரை, இரண்டு மீட்டர் ஏறும், சில இடங்களில் அதற்கும் மேலே. சுவரில் கறைக்கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கோட்டுக்குக் கீழே கல் கறுத்து ஈரமாக இருக்கும். கறைக்கோட்டை ஒட்டி உப்புப் பூத்திருக்கும். கல் பொரிவது அந்தப் பட்டையில்தான். கழிவுநீர் கலந்திருந்தால் நைட்ரேட் உப்பு கிடைக்கும். அந்தச் சோதனை ஒன்றே ஓதத்தின் மூலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்குச் செய்த தவறான மருத்துவம் நோயைவிடக் கெட்டது. பொரிந்த அடிச்சுவரின் மேல் சிமெண்டுப் பூச்சு பூசினார்கள். சிமெண்டு ஆவியை வெளியே விடாது. ஈரம் பூச்சுக்குப் பின்னாலேயே மேலே ஏறி, பூச்சு முடியும் உயரத்துக்கு மேல் வெளிப்படும். இரண்டு மீட்டரில் நின்ற பழுது மூன்று மீட்டருக்குப் போகும். சிமெண்டே புதிதாக சல்பேட் உப்பையும் கொண்டுவந்து சேர்க்கும். பூச்சைப் பிறகு உடைத்தால் கல்லின் முகமும் அதோடு வந்துவிடும்.

சரியான வரிசை சலிப்பானது, ஆனால் மாற்ற முடியாதது. முதலில் சுற்றியுள்ள குழாய்களையும் சாக்கடைகளையும் சரிசெய்ய வேண்டும். பிறகு சிமெண்டைச் சிறு உளியால் மெதுவாகக் கொத்தி எடுத்து, சுவரை உலர விட வேண்டும். தடித்த சுவருக்கு மாதங்கள் போதாது. அதன்பின் தூய நீரில் நனைத்த காகிதக்கூழோ களிமண்ணோ இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்தில் அப்பி, அது காய்கையில் உப்பை உறிஞ்ச விட்டு, உரித்தெடுத்து, மீண்டும் அப்ப வேண்டும். ஓதம் ஏறிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்தால் புதிய உப்பைக் கீழிருந்து இழுத்ததாகத்தான் முடியும். கடைசியாகத்தான் கல் மாற்றுவது. சாந்து ஒரு பங்கு நீர்த்த சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்ற அளவில் தொடங்கலாம். பழைய கெய்ரோக் கொத்தனார்கள் ஹும்ரா என்ற செங்கல்தூளும் குஸ்ருமில் என்ற சாம்பலும் சேர்த்தார்கள். ஈரத்திலும் இறுகுவதற்காக. ஹம்மாம்கள் எனும் பொதுக் குளியல் இல்லங்களின் உலைகளில் ஊர்க்குப்பையை எரித்த சாம்பல்தான் அந்தக் குஸ்ருமில்: குப்பை வெந்நீராகி, மிச்சம் சாந்தாகி, சுவராகத் திரும்பியது. சாந்து எப்போதும் கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று உதிர்ந்துதான் ஆக வேண்டும் என்றால் அது சாந்தாக இருக்கட்டும்.

1992 அக்டோபர் 12இன் நிலநடுக்கம் 5.8 அளவு. உலகக் கணக்கில் பெரிதல்ல. ஆனால் அடிச்சுவர் கரைந்து நின்ற கட்டடங்களை அது உலுக்கியது. ஆக்ஸுன்குர் பள்ளிவாசலும் பழுதுபட்டவற்றுள் ஒன்று. அங்கே தூண்களின் மேல் குறுக்கு வளைவுக்கூரைகள் உண்டு. வளைவு எப்போதும் பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்கும் தூணின் கால் ஈரத்தில் நொய்ந்திருந்தால் சிறு அதிர்ச்சியே போதும். 1650களில் இப்ராஹீம் ஆகா பதித்த நீல ஓடுகளுக்காக நீலப் பள்ளிவாசல் என்று பயணிகள் தேடிவரும் இந்தக் கட்டடம் அதன்பின் ஏறத்தாழ கால் நூற்றாண்டு மூடிக் கிடந்தது. 2015இல்தான் மீண்டும் திறந்தது.

வீடுகள் இடிந்தது ஏன்

வீடுகளில் பழுது வேறுவிதம். ஈரச் சுவரில் செருகியிருக்கும் உத்திரங்களின் முனை முதலில் மக்கும். மேலிருந்து பார்த்தால் உத்திரம் நன்றாகவே இருக்கும், முனை மட்டும் பஞ்சாகியிருக்கும். பழைய அறையின் மூலையில் பின்னர் சேர்த்த கழிப்பறைக்கு நேர்கீழே பெரும்பாலும் இதைக் காணலாம். கடையை அகலப்படுத்தக் கீழ்ச்சுவரை உடைப்பதும், மரத்தளத்தை எடுத்துவிட்டுப் பழைய சுவரின் மேல் காங்கிரீட் போடுவதும் மற்ற இரண்டு. எடை மேலே போய்விடுகிறது. முன்னோர் போட்ட கணக்கு தலைகீழாகிறது.

ஆனால் இவ்வளவும் ஏன் பராமரிப்பின்றி விடப்பட்டது? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முஹம்மது அலி வக்ஃபு விளைநிலங்களை அரசின் பிடிக்குள் கொண்டுவந்தார். 1952இல் குடும்ப வக்ஃபு ஒழிக்கப்பட்டது. 1940களிலிருந்து வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வாடகையை உறையவைத்தன. ஏழைகள் நகரின் நடுவில் தொடர்ந்து வாழ முடிந்தது அதனால்தான், அதை மறுக்கக் கூடாது. அதே வாடகையில் ஓர் உத்திரம்கூட மாற்ற முடியாமல் போனதும் அதனால்தான். வீடு விழுந்தால் மனை விடுபடும் என்று காத்திருப்பது உரிமையாளருக்கு லாபமானது. தெருவை அகலப்படுத்தவும் மதிலை ஒட்டிய வீடுகளை அகற்றவும் அரசு தீட்டிய திட்டங்கள் தலைக்குமேல் தொங்கியதால் பழுதுபார்க்க அனுமதியும் கிடைக்கவில்லை. இடிக்கப்போகும் வீட்டுக்கு யார் பணம் போடுவார்கள்?

ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை பூங்காவோடு நிறுத்திக்கொள்ளாமல் இங்கே கைவைத்தது பெரிய திருப்பம். மதிலை ஒட்டிய வீடுகளை இடிக்காமல் வைத்துக்கொள்ள வாதாடினார்கள். 100க்கும் மேற்பட்ட வீடுகள் குடியிருப்போரோடு சேர்ந்து பழுதுபார்க்கப்பட்டன. செலவில் ஒரு பங்கை அவர்கள் ஏற்றார்கள், அதற்குக் கடன் வசதியும் இருந்தது. உம்முஸ் ஸுல்தான் மதரஸா, காயிர் பே, அஸ்லம், ஆக்ஸுன்குர், பிறகு மாரிதானி என்று பள்ளிவாசல்கள் ஒவ்வொன்றாக மீட்கப்பட்டன. இந்த வேலைகளில் தச்சும் கல்வேலையும் கற்ற உள்ளூர் இளைஞர்கள் உண்டு.

குடும்பங்கள் உள்ளே இருக்கும்போதே வீட்டைப் பழுதுபார்ப்பது கடினம்தான். ஓர் அறையைக் காலிசெய்து, கீழ்த்தளத்திலிருந்து மேல்வரை ஒரே கோட்டில் முட்டுக் கொடுத்து, மக்கிய உத்திர முனையை வெட்டி, புதுமரம் இணைத்து, சுவரைத் தொடாதபடி காற்று புகும் இடைவெளி விட்டுச் செருகி, பிறகு அடுத்த அறைக்குப் போக வேண்டும். ஒரு மாடியில் மட்டும் முட்டுக் கொடுத்தால் அதன் எடையைக் கீழ்மாடித் தளம் தாங்காது. இந்தத் தவறில்தான் ஆபத்து அதிகம். கூட்டுக் கழிப்பறையைக் குடும்பத்துக்கு ஒன்றாகப் பிரித்து, அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக நேர்க்கோட்டில் அடுக்கி, குழாயைச் சுவருக்குள் புதைக்காமல் வெளியே தெரியும்படி இறக்கிவிட்டால், கசிவு முதல் நாளே கண்ணில் படும்.